நோயுற்ற வளர்ப்பு மீனைப் பேணும் முறை

மாடு தீவனத்தை வெறுத்தால் உழவன் அன்றே கவனிக்கிறான். ஆடு கழிந்தால் மேய்ப்பவன் அறிகிறான். கோழி சிறகைத் தொங்கவிட்டால் வீட்டுப் பெண்டிர் கண்டுகொள்கிறார்கள். ஆனால் முற்றத்துத் தொட்டியில் வளரும் மீன் வியாதிப்பட்டால், அது செத்து மிதக்கும் காலையில்தான் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியவருகிறது. மீன் கத்துவதில்லை, நொண்டுவதில்லை. அதன் துன்பமெல்லாம் ஜலத்துக்கு அடியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பயிர்த்தொழிலைப்பற்றிப் பேசவேண்டிய இப்பத்திரிகையில் தொட்டி மீனுக்கு இடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இக்காலத்தில் கிராமங்களிலும் அநேக வீடுகளில் தங்கமீன் வளர்க்கிறார்கள். சென்னையை அடுத்த கொளத்தூர்ப் பக்கத்தில் அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு ஜீவனமாகவே இருக்கிறது. ஒரு மீனுக்குச் சொல்லும் விதியே ஆயிரம் மீனுக்கும் பொருந்தும். மேலும், வியாதிப்பட்ட தொட்டி மீனை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்க்குளத்தில் கொண்டுபோய் விடும் வழக்கம் பரவி வருகிறது. அதனால் விளையும் கேடு ஒரு வீட்டோடு நிற்பதன்று. ஆகையால் நிலச்சுவான்தாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் நலம்.

இக்கட்டுரையில் சொல்லவந்த முக்கிய விஷயம் ஒன்றே. கால்நடையின் வியாதியை அதன் உடலில் தேடுகிறோம். மீனின் வியாதியை முதலில் அதன் ஜலத்தில் தேடவேண்டும். ஜலத்தைச் சீர்செய்யாமல் மீனுக்கு மருந்திடுவது, புகை நிறைந்த அறையில் கிடந்து இருமுகிறவனைக் கதவைத் திறந்து வெளியேற்றாமல் கஷாயம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நான் செய்த பிழை

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் என் வீட்டிலேயே நான்கு தங்கமீன்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஒரு நாள் மாலை துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. ஜலம் கலங்கியிருந்ததைக் கண்ட நான், உடனே நல்ல ஜலம் மாற்றினால் பிழைக்கும் என்று நினைத்து, தொட்டி முழுவதையும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, குழாய் ஜலத்தை நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டேன். மறுநாள் காலையில் நான்கும் இறந்துகிடந்தன. அன்று மேல்நிலைத் தொட்டியில் சலவைத்தூள் கலந்திருந்தார்கள். அதை விசாரிக்காதது என் குற்றம். மனிதருக்குக் குடிநீரைச் சுத்தமாக்கும் அந்தக் குளோரின், மீனின் செவுள்களைத் தீய்த்துவிடும். ஒன்று வியாதியாயிருந்தது, நான்கையும் கொன்றது என் வைத்தியம். அன்றுமுதல், மீனுக்கு ஒன்றைச் செய்யுமுன் அது ஜலத்தில் என்ன மாறுதலை உண்டாக்கும் என்பதை எண்ணிப்பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று.

ஜலத்தில் நடப்பது என்ன?

தங்கமீன் சீன தேசத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தெரிந்தெடுத்து வளர்த்துவந்த ஒரு கெண்டை இனம். நன்றாய்ப் பேணினால் 10 முதல் 20 ஆண்டுவரை வாழக்கூடியது. நம் வீடுகளில் அது சில மாதங்களிலேயே மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் அது வாழும் ஜலமே.

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே ஜலத்தில் விடுகிறது. தின்னாமல் மீந்த தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. குளத்திலும் பழகிய தொட்டியிலும் ஒருவகை நற்கிருமிகள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொருவகைக் கிருமிகள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் விஷம். மூன்றாவது சாதாரண அளவில் அதிகத் தீங்கு செய்யாது. இக்கிருமிகள் கல்லிலும் மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதுத்தொட்டியில் இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். ஆகவே புதுத்தொட்டியில் முதல் நாளிலேயே பல மீன்களை விடுவதும், பழந்தொட்டியைச் சுரண்டிக் கழுவி இக்கிருமிகளை ஒழிப்பதும் ஒரே தீமையை விளைவிக்கின்றன.

அம்மோனியாவின் கொடுமை ஜலத்தின் காரத்தைப் பொறுத்தது. 25 டிகிரி உஷ்ணத்தில், பி.எச். 7 உள்ள ஜலத்தில் மொத்த அம்மோனியாவில் ஆயிரத்தில் 6 பங்கே விஷவடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் நூற்றில் 5 பங்கும், 9 ஆனால் நூற்றில் 36 பங்கும் விஷமாகும். நம் நாட்டுக் கிணற்று ஜலம் பல இடங்களில் காரமுள்ளது. ஆதலால் ஒரே அளவு அழுக்கு, ஓர் ஊர்த் தொட்டியில் மீனை வாட்டாமலும் மற்றோர் ஊர்த் தொட்டியில் கொன்றும்விடலாம். பல மாதம் ஜலம் மாற்றாமல் புளித்துப்போன தொட்டியில் திடீரென்று காரமான ஜலத்தைப் பாதிக்குமேல் ஊற்றினால், அதுவரை அடங்கிக்கிடந்த அம்மோனியா ஒரு நாழிகையில் விஷமாய் மாறிவிடும். சுத்தம் செய்த மறுநாளே மீன் செத்தது என்று அநேகர் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிராணவாயுவும் கவனிக்கத்தக்கது. 20 டிகிரி உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல ஜலம் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். உஷ்ணம் ஏற ஏற மீனுக்கு வாயு அதிகம் வேண்டும், ஜலத்தில் இருப்பதோ குறையும். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான்.

வியாதியின் அடையாளங்கள்

தினமும் தீனி போடும் வேளையில் இரண்டு நிமிஷம் நின்று பார்ப்பவர் வியாதியை முதல் நாளிலேயே கண்டுபிடிப்பார். தீனிக்கு வராமை, கூட்டத்தைவிட்டு ஒதுங்குதல், துடுப்புகளை உடலோடு ஒடுக்குதல், செவுள் மூடி விரைவாய் அடித்தல், கல்லில் உராய்தல், ஒருபுறம் சாய்தல், மேலே மிதத்தல், நிறம் மங்குதல் ஆகியவை பொதுவான அடையாளங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: துன்பம் ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா? எல்லாம் ஒரே சமயத்தில் வாடினால் ஜலத்தையே சந்தேகிக்கவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நாட்கணக்கில் வாடினால் தொற்றுவியாதியை எண்ணவேண்டும். ஒன்றுமட்டும் வாடினால் அதன் உடலைப் பார்க்கவேண்டும்.

முதல் நாள் செய்யவேண்டியவை

1. தீனியை நிறுத்துக. வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் உண்ணாவிடினும் சாகாது. உண்ணாத தீனி அழுகினால் மீன் சாகும்.

2. கற்களையும் ஓடுகளையும் தூக்கிப் பார்க்க. செத்த மீனோ நத்தையோ ஒளிந்து அழுகினால் அதை எடுத்தெறிக.

3. மூன்றில் ஒரு பங்கு ஜலத்தை அடிமட்டத்திலிருந்து குழாய் மூலம் இறக்கி, அதே அளவு புதுஜலத்தை மெதுவாய் ஊற்றுக. நிலைமை கடுமையாயிருந்தால் மறுநாள் இன்னும் ஒரு பங்கு மாற்றுக. ஒரேயடியாய் முழுவதையும் மாற்றலாகாது. புதுஜலத்தின் உஷ்ணம் பழையதற்கு 2 டிகிரிக்குமேல் வித்தியாசப்படலாகாது.

4. குழாய் ஜலமானால் அகன்ற பாத்திரங்களில் ஒருநாள் முழுவதும் திறந்துவைத்து, அடிக்கடி கலக்கிவிட்டபின் உபயோகிக்க. அவசரமானால், போட்டோ எடுப்போர் ஹைப்போ என்று வழங்கும் சோடியம் தயோசல்பேட்டை 100 லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்தால் சாதாரண அளவு குளோரின் முறியும். ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் பிராணவாயு குறைவாயிருக்கும். அதைச் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து பலமுறை ஊற்றி ஆற்றியபின்பே விடவேண்டும்.

5. காற்றுக்குழாய் இயந்திரம் இருந்தால் இரவும் பகலும் ஓடட்டும். மின்சாரம் நின்றால் மேற்சொன்னவாறு தொட்டி ஜலத்தையே மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் பிழைத்திருக்கும்.

6. தொட்டிமேல் வெயில் விழாமல் கீற்றோ சாக்கோ கட்டுக. நிழலும் அமைதியும் மீனுக்கு மருந்தாகும்.

இந்த ஆறும் செய்துவிட்டு ஒருநாள் பொறுத்திருந்தால், ஜலத்தின் குற்றத்தால் வாடிய மீன்கள் பல தாமே தேறத் தொடங்கும். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். இவற்றை நிறமாறுதலால் காட்டும் சோதனைத் திரவங்கள் அலங்கார மீன் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு மருந்துப் புட்டிக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் இதற்குக் கொடுப்பது சிக்கனம்.

உப்பின் உபயோகம்

நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு உண்டு. சுற்றியுள்ள ஜலத்திலோ மிகக்குறைவு. ஆகவே ஜலம் இடைவிடாமல் அதன் உடலுக்குள் ஊறிக்கொண்டேயிருக்கிறது. மீன் அதை இரவும் பகலும் சிறுநீராய் வெளியேற்றி, இழந்த உப்பைச் செவுளால் திரும்பப் பெறுகிறது. நோயுற்ற மீனுக்கு, அதிலும் தோலில் புண்பட்ட மீனுக்கு, இவ்வேலை பெரும்பாரம். தொட்டியில் சிறிது உப்பைக் கரைத்தால் அப்பாரம் குறைகிறது. நைட்ரைட் விஷம் செவுள் வழியே ஏறுவதையும் உப்பு தடுக்கிறது. உப்பு எல்லா வியாதிக்கும் மருந்தன்று. ஆனால் மீன் தன் பலத்தாலேயே தேறுவதற்கு அவகாசம் கொடுக்கிறது.

அளவு தெரியாமல் கைப்பிடியாக அள்ளிப்போடலாகாது. முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடவேண்டும். நீளம், அகலம், ஜலத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உதாரணமாக, 90 நீளம், 45 அகலம், 40 ஆழமுள்ள தொட்டியில் 162 லிட்டர் ஜலம் பிடிக்கும். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 324 கிராம் உப்பு வேண்டும். வேறொன்றும் கலவாத கல்லுப்பை ஒரு வாளி ஜலத்தில் முற்றக் கரைத்து, மூன்று பாகமாக்கி, காலை, மாலை, மறுநாள் காலை என்று ஊற்றவேண்டும். ஜலம் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகையால் வற்றிய அளவுக்கு வெறும் ஜலமே ஊற்றவேண்டும். இறைத்து மாற்றிய அளவுக்குமட்டும் உப்புச் சேர்க்கவேண்டும். 50 லிட்டர் மாற்றினால் 100 கிராம் போதும். நீர்ப்பூண்டுகள் உப்பைத் தாங்கா. அவற்றை முன்னமே எடுத்துவிடவேண்டும். செதிலில்லாத கெளிற்று இனங்களுக்குப் பாதி அளவோடு நிறுத்துவது நன்று.

ஒட்டுயிர்களுக்காகச் சிலர் உப்புக்குளியல் செய்விப்பதுண்டு. லிட்டருக்கு 10 கிராம் உப்புக் கரைத்த தனிப்பாத்திரத்தில் 10 நிமிஷம் மீனை விட்டு எடுப்பது அம்முறை. அருகிலேயே இருந்து பார்க்கவேண்டும். மீன் புரண்டால் அந்தக் கணமே பழைய ஜலத்துக்கு மாற்றவேண்டும்.

சில முக்கிய வியாதிகள்

*வெண்புள்ளி வியாதி:* உடலிலும் துடுப்பிலும் உப்புப் பொடி தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உராயும். இது இக்தியோப்தீரியஸ் என்னும் ஓரணு ஜீவியால் வருவது. தோலுக்குள் தங்கி வளர்ந்த ஜீவி கீழே விழுந்து, அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிரியும். அவை ஜலத்தில் நீந்தி வேறு மீனைத் தேடும். தோலுக்குள் இருக்கும்வரை எம்மருந்தும் அதைத் தீண்டாது. நீந்தும் பருவத்தில்மட்டுமே உப்பும் மருந்தும் கொல்லும். ஆகையால் புள்ளிகள் மறைந்ததும் வியாதி தீர்ந்ததென்று எண்ணிச் சிகிச்சையை நிறுத்துவோர் ஏமாறுவர். லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பை இரண்டு வாரம் இடையறாமல் வைத்திருக்கவேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிமட்டக் கசடை இறக்குதல் நன்று.

*துடுப்பழுகலும் பஞ்சுப்பூசணமும்:* துடுப்பின் ஓரம் வெளுத்துக் கந்தலாவது கிருமியால். புண்ணின்மேல் பஞ்சுபோல் படர்வது பூசணத்தால். இவையிரண்டும் பெரும்பாலும் நல்ல தோலைத் தாக்குவதில்லை. காயம்பட்ட அல்லது அழுக்கு ஜலத்தால் நலிந்த மீனையே பிடிக்கும். ஜலத்தைச் சீர்செய்து உப்பிட்டால் தொடக்கத்தில் அடங்கும். ஆனால் வாயைச் சுற்றியும் முதுகிலும் வெண்மையாய்ப் படர்ந்து இரண்டு மூன்று நாளில் பல மீன்களைக் கொல்வதொன்று உண்டு. பார்வைக்குப் பூசணம்போல் இருந்தாலும் அது கிருமிவியாதி. அதற்கு மீன் வைத்தியரின் உதவி தாமதமின்றித் தேவை.

*மீன்பேனும் நங்கூரப்புழுவும்:* மீன்பேன் துவரம்பருப்புப்போல் தட்டையாய் உடலில் ஒட்டி ஓடும். நங்கூரப்புழு நூல்போல் தொங்கும். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சிறு இடுக்கியால் அடியோடு பற்றி எடுக்கலாம். ஒரு நிமிஷத்துக்குமேல் ஜலத்துக்கு வெளியே வைக்கலாகாது. முட்டைகள் தொட்டியில் இருக்குமாதலால் சில வாரம் திரும்பத்திரும்பப் பார்க்கவேண்டும்.

*மிதத்தலும் கவிழ்தலும்:* உருண்டை உடலுள்ள தங்கமீன்களுக்கு இது மிகுதி. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. ஒரேவேளையில் மிகுதியாய் உண்டால் குடல் அடைபட்டுக் காற்றுப்பை நெருக்குண்ணும். மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு ஊறவைத்த தீனியைச் சிறிது சிறிதாய்க் கொடுக்கவேண்டும். பிறவிக்கோணலால் மிதப்பது தீராது. ஆயினும் ஆழம் குறைந்த தொட்டியில் அம்மீன் பலகாலம் வாழக்கூடும்.

*வீக்கவியாதி:* வயிறு ஊதி, செதில்கள் தூக்கி நின்று, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப்பழம்போல் தோன்றும். சிறுநீரகம் கெட்டு உடலில் நீர் தங்குவதன் அடையாளம் இது. செதில் தூக்கியபின் பிழைப்பது அரிது.

மருந்துகளைப்பற்றி எச்சரிக்கை

கடைகளில் நீலம், பச்சை, மஞ்சள் நிறமுள்ள திரவங்கள் பல விற்கப்படுகின்றன. வியாதியின் பெயர் தெரியாமல் இவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து ஊற்றுவது பெருந்தவறு. சில மருந்துகள் நற்கிருமிகளைக் கொன்று அம்மோனியாவைப் பெருக்கும். சில ஜலத்திலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும். மாலகைட் பச்சை என்னும் சாயம் உணவு மீன்களுக்குப் பயன்படுத்தலாகாதென்று நம் நாடு உட்படப் பல நாடுகளில் விலக்கப்பட்டது. மனிதருக்கும் மாட்டுக்கும் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பொடித்து இடுவது, மீனுக்குப் பயன்படாததோடு, மருந்துக்கு அஞ்சாத கிருமிகளையும் உண்டாக்கும்.

வியாதி புரியாவிடில் மீன்வளக் கல்லூரியை அணுகலாம். தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டிலிருந்து அத்தகைய கல்லூரி இருந்துவருகிறது. செத்து அழுகிய மீனைக் கொண்டுபோவதில் பயனில்லை. உயிரோடிருக்கும் நோய்மீனையும், தனிப்புட்டியில் தொட்டி ஜலத்தையும் கொண்டுபோகவேண்டும்.

வியாதித் தொட்டியில் கைவைப்பவர் தம் கையையும் கவனிக்கவேண்டும். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்னும் கிருமி 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா மீன்காட்சிச்சாலை மீன்களில் கண்டறியப்பட்டது. கையில் காயமிருந்தால் அது மனிதர் தோலிலும் நாட்பட்ட கட்டிகளை உண்டாக்கும். காயமுள்ள கையைத் தொட்டியில் இடலாகாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

ஒரு வீட்டில் கண்டது

சென்ற கோடையில் பயிர்ச் செய்முறை ஒன்றுக்காக ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அவ்வூர் மிராசுதார் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து, "மாட்டுக்குச் சொல்லுகிறீர்கள், எங்கள் அம்மாளின் மீனுக்கும் ஏதாவது சொல்லமுடியுமா?" என்று கேட்டார். வெளியூரில் படிக்கப்போன பேரன் எட்டு ஆண்டுகளுக்குமுன் வாங்கிவைத்த தங்கமீன் அது. அவன் போனபின் அந்த முதிய அம்மாளே தினமும் தீனியிட்டு வந்தார். நான் மேலே கணக்குக் காட்டியது அந்தத் தொட்டியே. பெரிய மீன் ஒருபுறம் சாய்ந்து அடியில் கிடந்தது. துணையாயிருந்த வெள்ளை மீனின் செதில்கள் தூக்கியிருந்தன. பத்து நாளைக்குமுன் திருவிழாக் கடையில் வாங்கிவிட்ட நான்கு சிறுமீன்களில் மூன்றே கண்ணுக்குத் தென்பட்டன. திண்ணையில் மூன்று நிற மருந்துப் புட்டிகள் இருந்தன. மூன்றும் தொட்டியில் ஊற்றப்பட்டிருந்தன.

ஓட்டைத் தூக்கினோம். நான்காவது மீன் அடியில் அழுகிக்கிடந்தது. சிறுமீனொன்றின் வாலில் வெண்புள்ளிகள் இருந்தன. சோதனைத் திரவம் அம்மோனியா மிகுதியென்று காட்டிற்று. மருந்துகளை நிறுத்தி, முன்சொன்ன ஆறு காரியங்களையும் செய்தோம். வெள்ளை மீனைத் தனித்தொட்டியில் விட்டோம். மறுநாள் இன்னொரு பங்கு ஜலம் மாற்றப்பட்டது. நான்காம் நாள் பெரிய மீன் நிமிர்ந்தது. ஆறாம் நாள் ஊறிய தீனியில் ஒரு துளியைக் கவ்விற்று. வெண்புள்ளிக்காக உப்பை இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். அது இன்றும் உயிரோடிருக்கிறது.

வெள்ளை மீன் தேறவில்லை. ஐந்து நாள் உப்பு ஜலத்தில் வைத்தும் வீக்கம் வளர்ந்தது. நீந்தமுடியாமல் பக்கவாட்டில் கிடந்து செவுளைமட்டும் அசைத்தது. அந்த அம்மாள் என்னை நோக்கி, "தம்பி, வாயில்லாத இந்த ஜீவனுக்கு நோவு தெரியுமா?" என்று கேட்டார். இக்கேள்வி அறிஞரும் கேட்டதே. 2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எடின்பரோவில் டிரௌட் மீன்களை ஆராய்ந்து, அவற்றின் தலையில் தீங்கை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். நாம் உணர்வதைப்போலவே மீனும் உணர்கிறதா என்பதில் விவாதம் உண்டு. ஆயினும் உணராது என்று சொல்லித் துன்பப்படவிடுவதற்கு நமக்கு ஆதாரமில்லை. "தெரியும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது, அம்மா" என்றேன். "அப்படியானால் இனி வைத்துக்கொண்டிருக்கவேண்டாம்" என்றார்.

தேறாத மீனுக்குச் செய்யத்தக்கது

உண்ணாமலும் நிமிராமலும் நாட்கணக்கில் கிடக்கும் மீனை, உயிரிருக்கிறதென்று தரையில் எறிவதும் சாக்கடையில் விடுவதும் பனிக்கட்டியில் இடுவதும் கொடுமை. கிராம்புத் தைலம் மீனை மயக்கவல்லது. லிட்டருக்கு அரை மில்லிலிட்டர் வீதம் தைலத்தை எடுத்து, ஒரு சிறுபுட்டியில் வெதுவெதுப்பான ஜலத்தோடு குலுக்கிப் பால்போலாக்கி, மீன் இருக்கும் ஜலத்தில் மெல்லக் கலக்கவேண்டும். மீன் முதலில் உறங்கும், பிறகு செவுளசைவு நிற்கும். நின்றபின்னும் அரைமணி நேரம் அப்படியே விடவேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் திரும்ப மூச்சுவரக்கூடும். தைலம் கலந்த மீனை மனிதருக்கோ பிராணிகளுக்கோ உணவாக்கலாகாது. வெள்ளை மீனுக்கு இவ்வாறே செய்து, தோட்டத்து மரத்தடியில் ஆழப் புதைத்தார்கள்.

ஊர்க்குளத்தைக் காத்தல்

கிராம உத்தியோகஸ்தர்கள் விசேஷமாய்க் கவனிக்கவேண்டியது இது. பிழைத்தால் பிழைக்கட்டும் என்று நோய்மீனைக் குளத்தில் விடுவது இரக்கமன்று. 1971-இல் ஜப்பானில் முதலில் அறியப்பட்ட மீன் புண்நோய் 1988-இல் இந்தியாவுக்குள் பரவி, விரால், கெண்டை, கெளுத்தி முதலிய குளத்துமீன்களைப் புண்ணாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அதை உண்டாக்கும் பூசணம் நாடுவிட்டு நாடு செல்வதற்கு அலங்கார மீன் வியாபாரமும் வழியாயிருந்திருக்கலாமென்பது ஆராய்ச்சியாளர் சிலர் கருத்து. வியாதியில்லாத அயல்நாட்டு மீனும் தீங்கே. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் புகுந்து பெருகியிருக்கிறது. அது வலையைக் கிழிக்கும். விலைக்கும் போகாது.

ஆகையால் நோய்த்தொட்டி ஜலத்தைக் குளத்துக்கு ஓடும் வாய்க்காலில் விடாமல், பயிரில்லாத வெற்றுத்தரையில் ஊற்றவேண்டும். செத்த மீனைச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். வலையையும் குழாயையும் கழுவி வெயிலில் முற்றக் காயவைக்கவேண்டும். குளத்தில் மீன்பாசி ஏலம் எடுத்தவர்களுக்கும், தொட்டி மீன் வளர்க்கும் வீட்டாருக்கும் உத்தியோகஸ்தர்கள் இதை எடுத்துச்சொன்னால் பெரும் உபகாரமாகும்.

சுருக்கம்

புதுமீனை வாங்கினால் 3 அல்லது 4 வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின்பே பழைய மீன்களோடு சேர்க்கவேண்டும். இரண்டு நிமிஷத்தில் தின்றுமுடிக்கும் அளவே தீனியிடவேண்டும். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றவேண்டும். வியாதி கண்டால் தீனியை நிறுத்தி, ஜலத்தைச் சோதித்து, படிப்படியாய் மாற்றி, காற்றும் நிழலும் கொடுத்து, அளந்த உப்பிட்டு, பொறுத்திருக்கவேண்டும். மருந்து கடைசியில். தேறாததை வருத்தாமல் முடிக்கவேண்டும். எதையும் குளத்தில் விடலாகாது.

இதற்கெல்லாம் பெருஞ்செலவில்லை. ஒரு வாளி, ஓர் அளவுகோல், அரைக்கிலோ கல்லுப்பு, தினம் இரண்டு நிமிஷக் கவனிப்பு போதும். இம்முறைகளை அனுசரித்துப் பார்த்தவர்கள் தங்கள் அநுபவத்தை அருகிலுள்ள இலாகா உத்தியோகஸ்தருக்குத் தெரிவித்தால், மற்ற கிராமத்தாருக்கும் அது பயன்படும்.